இல்லாத கடையின் பேரேடு

அத்தியாயம் ஆறு

“மீசை முளைச்ச ஆம்பளைய எட்டுப் பேரு, சாயங்காலமானா கூடி உக்காந்து, இல்லாத கடைக்குக் கணக்கு எழுதுதானுவ! இருக்குற கடைக்கே ஒழுங்கா எழுத ஆளைக் காணோம். என்ன கூத்து அண்ணாச்சி இது?”

ஜட்காவை ஓட்டிக்கொண்டே ஐயம்பெருமாள் கேட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த பூதலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாலத்தின் மேல் ஆனி மாதத்து மேல்காற்று ஆளையே தள்ளிற்று. ஆற்று மணல் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டுமே என்பதே அவருக்குச் சலிப்பாக இருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தவர். போதும் சாமி என்று விலகி வந்து தச்சநல்லூரில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால், வழக்குகள் வீடு தேடி வந்தன. முந்தின நாள்தான் சேரன்மகாதேவியில் ஒரு காளை மாட்டு விவகாரத்தை முடித்துவிட்டு வந்து படுத்திருந்தார். இடுப்பு இன்னும் நேராகவில்லை. ஐயம்பெருமாளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவனுடைய குதிரை வாரத்தில் இரண்டு நாள் நோய் கொண்டாடும். வாய் மட்டும் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

அன்று விடிந்ததும் விடியாததுமாக மேலப்பாளையத்திலிருந்து நடந்தே வந்து அவரை எழுப்பியவன் மீரா முகைதீன் என்ற நெசவாளி. வயது முப்பத்திரண்டு, பார்த்தால் நாற்பத்தைந்து சொல்லலாம். பத்து வயதிலிருந்து குழித்தறிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, குழியின் ஈரத்தில் முழங்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. இன்னொரு மழைக்காலம் தறியில் உட்கார்ந்தால் பிறகு எழுந்து நடக்க முடியாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி ஜமீலா பீவி, மூன்று பெண் குழந்தைகள்.

அதனால்தான் பத்து மாதமாக, பகலெல்லாம் நெய்துவிட்டு, அந்தக் காலோடு பாளையங்கோட்டைக்கு நடந்து போய், எலியேசர் வாத்தியாரின் மாலை வகுப்பில் கணக்குப் பதிவு படித்தான். சிட்டை எழுதவும் பேரேடு எழுதவும் தெரிந்தால் ஏதாவதொரு ஆபீஸில் கடைசி நாற்காலியாவது கிடைக்கும் என்பது அவன் நம்பிக்கை. நாற்காலியும் வந்தது. தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரப் பஞ்சுக் கம்பெனி, குமாஸ்தா ஒருவன் வேண்டும், வகுப்பில் கெட்டிக்காரன் பெயரை எழுதி அனுப்பவும் என்று வாத்தியாருக்குக் கடிதம் போட்டது.

வாத்தியார் ஒரு பரீட்சை வைத்தார். ஆளுக்கொரு கற்பனைக் கடை வைத்துக்கொள்ள வேண்டியது. போன மார்ச் மாதம் முழுவதும் அந்தக் கடை நடந்ததாக நினைத்துக்கொண்டு, வாங்கியது விற்றதையெல்லாம் தேதிவாரியாகச் சொந்தமாகக் கற்பித்து எழுதி, மாதக் கடைசியில் பற்றும் வரவும் நேராக நிற்கும்படி காட்ட வேண்டியது. எட்டுப் பேரில் இரண்டு பேருடையது பிரமாதமாக நின்றது. ஒன்று மீரா முகைதீனுடையது. மற்றொன்று கிருபைராஜ் என்ற பையனுடையது. தொல்லை என்னவென்றால் இரண்டும் ஒன்றேதான், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை.

“நான் பாத்து எழுதல அண்ணாச்சி. அல்லா பேரால சொல்லுதேன்,” என்றான் மீரா முகைதீன். “வாத்தியாரய்யா நம்பல. தறிக்காரன் இப்படி எழுதுவானான்னு கேட்டுட்டாவ. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணித் தபால்ல கிருபைராஜ் பேரு போயிரும். போயிட்டுன்னா எனக்கு மறுபடியும் குழிதான்.”

பூதலிங்கம் அவனுடைய முழங்காலைப் பார்த்தார். தலைகாணியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார்.

*

எலியேசர் வாத்தியாரின் வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறத்து ஓட்டுக் கொட்டகையில் நடந்தது. மனுஷர் நல்லவர், களைத்தவர். பகலில் பையன்களுக்குக் கணக்கு, மாலையில் பெரியவர்களுக்குக் கணக்கு என்று வாழ்ந்து தாடியெல்லாம் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. இரண்டு நோட்டுகளையும் மேசையில் போட்டார்.

“பாருங்க ரைட்டரய்யா. நானாக யார் மேலயும் பழி போடலை. பதினாலாம் தேதி வண்டிக்கூலியைப் பற்றுப் பக்கம் போடாம வரவுப் பக்கம் போட்டிருக்கு. மாசக் கடைசியில அதைக் கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்கு. ரெண்டு நோட்டுலயும் அதே தப்பு, அதே திருத்தம். ரெண்டு பேர் ஒரே மாதிரிச் சரியா எழுதலாம். ஒரே மாதிரித் தப்பா எழுத முடியுமா?”

“எங்க தெருவுல எல்லாரும் ஒரே மாதிரித்தான் தப்புப் பண்ணுதோம்,” என்றான் ஐயம்பெருமாள்.

“நீ சும்மா இருலே,” என்று அதட்டிவிட்டுப் பூதலிங்கம் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘மீரா முகைதீன் அண்டு சன்ஸ், அரிசி மண்டி’ என்றிருந்தது.

“மூணும் பொட்டப்புள்ளைன்னுல்லா சொன்னாரு?” ஐயம்பெருமாள் எட்டிப் பார்த்தான். “சன்ஸுக்கு எங்க போனாரு?”

“கடையே இல்லையாம். மகன் இல்லாட்டி என்ன?” என்றார் பூதலிங்கம்.

மற்ற நோட்டில் ‘கிருபைராஜ் பிரதர்ஸ்’ என்றிருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றுதான். இரண்டு நோட்டையும் ஒரே திங்கட்கிழமைதான் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் வகுப்பு நோட்டுகள் எல்லாம் கொட்டகையிலிருந்த மரப்பெட்டிக்குள் கிடந்தன. சாவி யாரிடம் என்று கேட்டார்.

“கிருபைராஜ்கிட்டதான். அவன்தான் வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை. ஆனா முகைதீன் தினம் சீக்கிரமா வந்திருவான். பெட்டி திறந்ததும் யாரு எதை எடுத்தான்னு நான் கண்டேனா? பகல்ல கிருபைராஜ் வக்கீல் ஆபீஸ்ல நகல் எழுதுதான். அவன் அப்பா எங்க சபையில மூப்பர். பழக்கமான குடும்பம். நானும் மனுஷன்தானே ஐயா, தெரிஞ்சவனைத்தான் முதல்ல நம்பத் தோணுது.”

வாத்தியார் இப்படி உண்மையாகப் பேசியதும் பூதலிங்கத்துக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. பூதலிங்கம் நோட்டை மெதுவாகப் புரட்டினார். தொகைகளை அவர் பார்க்கவேயில்லை. தொகை பார்க்கத்தான் வாத்தியார் இருக்கிறாரே. அவர் பார்த்தது ஓரத்துத் தேதிகளை மட்டும். ஒன்று இருந்தது, இரண்டு இல்லை. மூன்றிலிருந்து எட்டு வரை இருந்தது, ஒன்பது இல்லை. பதினாறு, இருபத்துமூன்று, முப்பது இல்லை.

வெளியே வந்ததும் ஐயம்பெருமாளிடம் சொன்னார். அவன் தொடையில் தட்டிக்கொண்டான்.

“ஏழு நாளைக்கு ஒருக்கக் கடையடைப்பு! அப்போ சுலுவாப் போச்சு அண்ணாச்சி. மூடின நாள் வெள்ளின்னா எழுதினது முகைதீன். ஞாயிறுன்னா எழுதினது கிருபைராஜ். வழக்கு முடிஞ்சுது. மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரலாம்.”

“மார்ச் ரெண்டாம் தேதி என்ன கிழமைலே?”

அங்கேதான் இடித்தது. அன்று வியாழன், ஜூலை பத்தாம் தேதி. பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனார்கள். ஐயம்பெருமாள் விரல்விட்டு எண்ணிப் புதன் என்றான். பூதலிங்கம் எண்ணி ஞாயிறு என்றார். ஏப்ரலுக்கு முப்பதா முப்பத்தொன்றா என்று நடு ரோட்டில் சண்டை வந்தது. வாத்தியார் வீட்டுக் காலண்டரில் போன மாதத் தாள்களைக் கிழித்து அடுப்பு பற்றவைத்தாயிற்று. பஞ்சாங்கமோ சித்திரையில் தொடங்குவது. வீட்டுக்கு வீடு இந்த வருஷத்தது இருக்கும், மார்ச் மாதம் அதில் இருக்காது. போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை எவன் வைத்திருப்பான்?

“எனக்குத் தெரியும்,” என்று மூக்கைத் தடவினார் பூதலிங்கம். அவருக்கு மூக்குப்பொடி தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

*

மார்க்கெட் முக்கில் பொடிக்கடை. கடைக்காரர் பழைய பஞ்சாங்கத்தைத் தாள் தாளாகக் கிழித்துப் பொடி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷத்துப் பங்குனி இருக்கா வே?” என்றான் ஐயம்பெருமாள்.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “பொடிதான் கேப்பாவ. மாசம் சொல்லிக் கேக்குத ஆளை இன்னைக்குத்தான் பாக்குதேன்.”

“அண்ணாச்சி ஆனி மாசத்துப் பொடி போட மாட்டாவ. சூடு.”

பஞ்சாங்கக் கட்டில் மாசித் தாளே இல்லை, காலையிலேயே போய்விட்டதாம். பங்குனித் தாள் மேலேயே கிடந்தது. இன்னும் ஒரு ஆள் முந்தியிருந்தால் அதுவும் போயிருக்கும். பூதலிங்கம் அந்தத் தாளிலேயே காலணாப் பொடி மடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, மடிப்பின் மேல்பக்கத்தில் தெரிந்த இங்கிலீஷ் தேதிகளை விரலால் ஓட்டிப் பார்த்தார். மார்ச் பதினாறு, ஞாயிறு. இருபத்துமூன்று, ஞாயிறு. முப்பது, ஞாயிறு.

பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினார்.

“கவுத்திட்டாரே அண்ணாச்சி,” என்றான் ஐயம்பெருமாள். அவனுக்கே குரல் இறங்கிவிட்டது. “அல்லா பேரால சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை கடைய மூடியிருக்காரே மனுஷன். வெள்ளிக்கிழமை நாலும் திறந்து கிடக்கு. மேலப்பாளையத்துல எந்த முஸ்லிம் வெள்ளிக்கிழமை ஏவாரம் பண்ணுவான்?”

பூதலிங்கம் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொடி போடவும் தோன்றவில்லை. திருடனைப் பிடித்துக் கொடுப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு. நம்பி வந்தவனையே பிடித்துக் கொடுப்பதில் என்ன இருக்கிறது? இப்படியே தச்சநல்லூருக்குத் திரும்பிப் படுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். ஆனால் அந்த மனிதன் வீங்கின காலோடு விடியற்காலையில் நடந்து வந்தவன். அவனிடம் நேரில் சொல்லாமல் படுத்தால் தூக்கம் வராது.

“மேலப்பாளையத்துக்கு விடுலே வண்டியை,” என்றார்.

*

நடு வழியில் குதிரைக்கு நோய் வந்து, போய்ச் சேர நாலரை மணி ஆகிவிட்டது. மேலப்பாளையத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் காதைப் பிளந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, தறி நிற்கும். அதனால் வியாழக்கிழமைதான் எல்லாரும் ஓட்டமாக ஓட்டுவார்கள். மீரா முகைதீன் குழியிலிருந்து கைகளை ஊன்றி எழுந்து வந்தான். எழுவதற்கு அவன் பட்ட பாட்டைப் பூதலிங்கம் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசல் சாக்குத் திரைக்குப் பின்னால் நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையின் சத்தம் நின்றது. ஜமீலா பீவி கேட்கிறாள் என்று தெரிந்தது.

“முகைதீன், ஒரே ஒரு கேள்வி. உம்ம கடைக்கு வாரத்துல என்னைக்கு லீவு?”

“ஞாயிறு, அண்ணாச்சி.”

தயங்காமல் சொன்னான். பூதலிங்கம் எதிர்பார்க்கவில்லை.

“வெள்ளிக்கிழமை?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்தான்.

“திறந்துதான் வச்சேன். தூத்துக்குடிக் கம்பெனில ஞாயித்துக்கிழமைதானே மூடுவாவ? வெள்ளிக்கிழமை வேலைக்கு வரணும்லா? எனக்குச் சொந்தமா எந்தக் காலத்துல கடை வரப் போவுது? அங்கன போயிதான் உக்காரப் போறேன். இப்பமே பழகிக்கிடணும்னு நினைச்சேன். வீட்டுல இன்னும் சொல்லல.”

“அரிசி மண்டின்னு ஏன் வச்சீரு வே?” ஐயம்பெருமாளுக்குப் பொறுக்கவில்லை. “ஜவுளின்னு வச்சிருந்தா எழுதினது நீருதான்னு அங்கனயே தெரிஞ்சிருக்கும்லா?”

“பகல் பூரா நெய்யுதேன். நெனப்புலயும் நெய்யணுமா?”

பூதலிங்கம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் சொல்வது பொய்யில்லை. இருபத்தாறு வருஷம் பொய்யை எழுதின கைக்கு அது தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை மூடியதற்கு இவனிடம் காரணம் இருக்கிறது. கிருபைராஜிடம் அதைவிட நல்ல காரணம் இருக்கிறது. வாத்தியார் எதை நம்புவார்?

“கம்பெனி ஞாயித்துக்கிழமை மூடும்னு உமக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸு பூட்டிக் கெடக்குதைப் பாத்திருக்கேன். வெள்ளைக்கார ஆபீஸு எல்லாம் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன்.”

“வேற எந்த நாள்ல மூடுவாவ?”

“கிறிஸ்மஸுக்கு. அது மார்கழில வரும்.”

“வேற?”

“வேற தெரியாதே அண்ணாச்சி. உண்டுமா?”

அதைக் கேட்டதும் பூதலிங்கம் நிமிர்ந்தார். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். அவசரத்தில் பொடி முழுவதையும் உதறினார். மேல்காற்று அதை அப்படியே ஐயம்பெருமாள் முகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவன் ஏழு தும்மல் தும்மினான். குதிரை ஒரு தும்மல். பூதலிங்கம் தாளின் மடிப்பைப் பிரித்து, உள்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

“இருபத்தொண்ணாம் தேதி என்ன ஏவாரம் பண்ணினீரு, ஞாபகம் இருக்கா?”

“அன்னைக்குத்தான் பெரிய ஏவாரம்! நூத்தம்பது மூட்டை. விடிஞ்சதுலேர்ந்து விளக்கு வைக்கது வரைக்கும் வண்டி ஏத்தினதா எழுதியிருக்கேன்.”

“நல்லா ஏத்தினீரு. சட்டையைப் போட்டுக்கிட்டு வண்டியில ஏறும்.”

“என்ன அண்ணாச்சி கெடச்சுது?” என்று தும்மலுக்கு நடுவே கேட்டான் ஐயம்பெருமாள்.

“முதல்ல நீ மூக்கைத் துடைலே. மணி நாலே முக்கால் ஆவுது.”

*

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். வாத்தியார் மேசையில் கம்பெனிக்கு எழுதிய கடிதம் தயாராக இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. படிக்க வந்தவர்கள் பெஞ்சுகளில் சரிந்திருந்தார்கள். பகலெல்லாம் வேறு வேறு வேலை பார்த்துவிட்டு வந்த முகங்கள். ஒருவன் தூங்கிக்கொண்டே நோட்டைத் திறந்து வைத்திருந்தான்.

கிருபைராஜ் எழுந்து நின்றான். இருபத்திரண்டு வயது. வெளுத்த சட்டை, விரலில் மைக் கறை, கண்ணுக்குக் கீழே கருப்பு. பூதலிங்கத்துக்கு அவன்மேலும் கோபம் வரவில்லை. அது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

“தம்பி, ரொம்ப நல்லா எழுதியிருக்கே. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு, ஒம்பது, பதினாறு இந்தத் தேதியெல்லாம் விட்டிருக்கியே, ஏன்?”

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தான். ஓரத்தை அப்போதுதான் பார்க்கிறான் என்று பட்டது. ஆனால் கெட்டிக்காரன், சட்டென்று பிடித்துக்கொண்டான்.

“ஞாயித்துக்கிழமை, ஐயா. நாங்க கிறிஸ்தவங்க. கர்த்தருடைய நாள்ல கடை திறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாங்க. கணக்குலகூடத் திறக்க மனசு வரலை.”

எலியேசர் வாத்தியாரின் முகம் மலர்ந்தது. “கேட்டீங்களா ரைட்டரய்யா? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

மீரா முகைதீன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஐயம்பெருமாள்கூட, போச்சு என்று வாய்க்குள் சொன்னான்.

“பக்தியான பிள்ளை,” என்றார் பூதலிங்கம். “கர்த்தருடைய நாளை அவ்வளவு மதிக்கியே, வருஷம் பூரா எல்லா விசேஷத்தையும் அப்படித்தான் மதிப்பியோ?”

“ஆமா ஐயா. நான் கோயில்ல பாடுதவன். ஒரு ஆராதனையும் விட மாட்டேன்.”

“கொஞ்சம் உரக்கச் சொல்லு, எனக்குக் காது மந்தம்.”

“ஒரு ஆராதனையும் விட மாட்டேன்.”

“இருபத்தொண்ணாம் தேதியை எடு.”

அவன் எடுத்தான்.

“நீ என்ன விக்கிதே?”

“நூத்தம்பது மூட்டை அரிசி. ஏழு வண்டி. காலையில ஆறு மணியிலேர்ந்து…” என்று வாசித்தவன், ஏன் இதைக் கேட்கிறார் என்று புரியாமல் நிமிர்ந்தான்.

பூதலிங்கம் பொடிக்கறை படிந்த தாளை வாத்தியார் முன்னால் விரித்து வைத்து, அடியிலிருந்த சிறிய எழுத்தில் விரலை ஊன்றினார். எலியேசர் வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து படித்தார்.

“பெரிய வெள்ளி,” என்றார். “இந்த வருஷம் சீக்கிரமா வந்துச்சு. மார்ச்சுலயே வந்துச்சு. நான் தொகையைத்தான் பார்த்தேன்… தேதியைப் பார்க்கவேயில்லை.” பிறகு பையனைப் பார்த்தார். “ஏய் கிருபைராஜ். அன்னைக்கு மூணு மணி நேர ஆராதனையில நீதானே தனியா நின்னு பாடினே? உன் பாட்டைக் கேட்டு நான் அழுதேனே! அன்னைக்கா நீ ஏழு வண்டி அரிசி ஏத்தினே?”

கிருபைராஜ் நோட்டை மூடி மேசையில் வைத்தான்.

“ஞாயித்துக்கிழமையை எவனும் பார்த்துத் தெரிஞ்சுக்கிடலாம்,” என்றார் பூதலிங்கம். “ஆபீஸ் கதவுல பூட்டுத் தொங்கும். பெரிய வெள்ளி வருஷத்துக்கு ஒருக்க வரும், அதுவும் ஒரே தேதியில வராது. வெளியே நிக்கிறவனுக்குத் தெரியாது. இதை எழுதினவன் ஞாயிறை வெளியேயிருந்து பார்த்துப் படிச்சவன். பெரிய வெள்ளியை அறியாதவன். அறிஞ்சவன் சிலுவை நாள்ல கடை திறப்பானா, அதுவும் உன்னை மாதிரி பக்தன்?”

பையன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

“வக்கீல் ஆபீஸ்ல பத்து மணி நேரம் நகல் எழுதுதேன் ஐயா. இங்க வந்தா கண்ணு சொக்குது. ஒரு மாசமா என் நோட்டுல ஒரு வரி ஏறலை. அப்பா தினம் கேக்குறாங்க, முடிச்சியா முடிச்சியான்னு. ஒரு சனிக்கிழமை பெட்டியைத் திறந்து அவரு நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். நகல் எழுதுத கை… என்ன எழுதுதோம்னு படிக்கிறதே இல்ல. படிச்சா வேலை ஓடாது. அப்படியே எழுதிட்டேன்.”

“தப்பையும் சேர்த்துல்லா எழுதியிருக்கே!” என்றான் ஐயம்பெருமாள். “இம்புட்டு நேர்மையா எவனும் திருடி நான் பாத்ததில்ல.”

ஒருவரும் சிரிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவன் மட்டும் விழித்துக்கொண்டு, என்ன, என்ன என்று பக்கத்து ஆளிடம் கேட்டான்.

எலியேசர் வாத்தியார் எழுந்து மீரா முகைதீனிடம் வந்தார். “தறிக்காரன் எழுதுவானான்னு கேட்டேன். மன்னிச்சிரும். எனக்கு வெக்கமா இருக்கு,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு மேசைக்குப் போய், பேனாவை மையில் தொட்டு, கடிதத்தின் காலி இடத்தில் அவன் பெயரை எழுதினார். கிருபைராஜைப் பார்த்து, “நாளைக்கு வா. உன் சொந்தக் கடையைத் திற. நட்டமானாலும் பரவாயில்லை,” என்றார்.

*

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தபால் பெட்டியில் கடிதம் விழுந்தது. பூதலிங்கம் பெட்டியில் சாய்ந்து நின்றார். இனி மூன்று நாளைக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். அது நடக்காது என்றும் அவருக்குத் தெரியும்.

ஆனால் மீரா முகைதீனின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன வே, பேரு போயிட்டுல்லா?” என்றான் ஐயம்பெருமாள். “ஜெயிச்சவன் மூஞ்சியா இது? எங் குதிரை மூஞ்சிகூட இதைவிட நல்லாருக்கும்.”

“அந்தப் பஞ்சாங்கத் தாளைத் தருவீயளா அண்ணாச்சி? கம்பெனி என்னைக்கெல்லாம் மூடும்னு தெரிஞ்சுக்கிடணும்.”

பூதலிங்கம் கொடுத்தார். அவன் அதை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டான். அப்புறமும் நகரவில்லை.

“மார்ச்சு மாசத்துல வெள்ளிக்கிழமை நாலு அண்ணாச்சி,” என்றான். “பொறந்ததுலேர்ந்து வெள்ளிக்கிழமை நான் வேலை பாத்ததில்ல. குளிச்சி, ஜும்மாவுக்குப் போயிட்டு வந்து, பிள்ளையளோட உக்காந்து சாப்பிடுவேன். தெருவுல ஒரு சத்தம் இருக்காது. இனிமே ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்கு வரும்போது தெருவே தறியில உக்காந்திருக்கும். அவளும் ராட்டையை விட்டு எந்திரிக்க முடியாது.”

காற்று அடங்கியிருந்தது. அவன் மெதுவாகப் பேசினது நன்றாகவே கேட்டது.

“ஏழாம் தேதி வெள்ளிக்கிழமைக்கு ஏவாரம் எழுதும்போது மூணு தடவை பேனாவைக் கீழ வச்சேன். பதினாலு வெள்ளிக்கிழமை. அன்னைக்குத்தான் வண்டிக்கூலியைப் பக்கம் மாத்திப் போட்டேன். இருபத்தொண்ணுல நல்லா எழுதினேன், நூத்தம்பது மூட்டை. இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைன்னே எனக்கு ஞாபகம் வரல அண்ணாச்சி. எழுதி முடிச்சுப் பக்கத்தைத் திருப்பினப்புறம்தான் தெரிஞ்சுது. நாலே வாரம். அதான் பயமாருக்கு.”

ஐயம்பெருமாள் குதிரையின் கழுத்துப் பட்டையை அவிழ்த்து, மறுபடியும் கட்டினான். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

“ஏறும்வே, மேலப்பாளையத்துல கொண்டு விடுதேன்,” என்றான். “நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே? நீரு இன்னும் தூத்துக்குடிக்குப் போகலியே. நாளைக்கு உமக்கு லீவு.”